மறியலுக்கு முன் கேஷுவாலிட்டியில் நாங்கள் செய்த ஏற்பாடுகள்

தமிழக-கேரள எல்லையான குமுளியில் சாலை அடைபட்டால் எங்கள் மருத்துவமனை பாதி முடங்கிவிடும். தலையில் பலத்த அடியோடு வருபவர்களை, முதலுதவி முடிந்த கையோடு மலையிறக்கித் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவதே வழக்கம். கோட்டயமோ நூறு கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலைச்சாலை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லைப் போக்குவரத்து நின்றுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே மறியல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே, தலைமை நர்ஸ் என்ற முறையில் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் பஸ்ஸில் வரும் நர்ஸ்களை முந்தைய நாளே விடுதியில் தங்கவைத்தோம். டயாலிசிஸ் நோயாளிகளை முன்கூட்டியே வரச்சொன்னோம். எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் வலிப்பு, சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக மாத்திரை கொடுத்தனுப்பினோம். கலவரம் என்றதும் அடிபடுகிறவர்களை மட்டும் நினைத்து இவர்களை மறந்துவிடுவது எனக்குப் பொறுக்காது.

அதிக நேரம் எடுத்தது கண்ணீர்ப்புகைக்கான ஏற்பாடு. புகை பட்டவரை அப்படியே உள்ளே கொண்டுவந்தால், உடையில் ஒட்டிய தூள் வார்டில் இருக்கும் எல்லோரையும் பதம்பார்க்கும். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தருகே தோட்டத்துக் குழாயை இழுத்துவிட்டோம். சட்டையைத் தலைவழியே உருவாமல் கத்தரித்து எடுத்து, பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். கண்ணைத் தேய்க்காமல், தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மாற்றிக்கொள்ள லுங்கி, நைட்டி எல்லாம் அடுக்கிவைத்தோம். பெண்களுக்குத் தனி மறைப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்று கட்டவைத்தேன். மறைப்பு இல்லையென்றால் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு அந்த உடையோடேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட நாளில் முதலில் வந்து சேருபவர்கள் நடக்க முடிந்தவர்கள். படுகாயம் பட்டவர், தூக்க ஆள் கிடைத்து, வண்டி கிடைத்து, அதன் பிறகே வருவார். அதற்குள் சிராய்ப்புக்காரர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டால் அவரை எங்கே கிடத்துவது? லேசான காயத்துக்கான பச்சை அட்டை பெற்றவர்களை ஓபி கூடத்துக்குத் திருப்பிவிட முடிவு செய்தோம். மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினாலோ, நகத்தை அழுத்தி விட்டபின் சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனாலோ, சொன்னதைக் கேட்டுச் செய்ய முடியாமல் இருந்தாலோ, உடனே கவனிக்க வேண்டியவர் என்று சிவப்பு அட்டை.

ஒத்திகையின்போது ஓர் இளம் நர்ஸ் கேட்டாள்: "சேச்சி, பதிவேட்டில் தமிழா மலையாளியா என்று குறிக்க வேண்டுமா?"

"வேண்டாம் மோளே. பெயர் தெரியாவிட்டால் கையில் எண்ணைக் கட்டு, போதும்."

போலீசுக்குத் தகவல் எழுதும் வரை காத்திருக்கவும் வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். சிகிச்சைதான் முதலில் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

மறியலும் நடந்தது, கல்லும் பறந்தது. தலையில் அடிபட்ட ஒருவரை, பேசிவைத்திருந்தபடி பீருமேடு, முண்டக்கயம் வழியாகக் கோட்டயத்துக்கு அனுப்பினோம். முன்பே போனில் சொல்லியிருந்ததால் அங்கே தயாராக இருந்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அந்தக் குழாய் இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறது. நிரந்தரத் தண்ணீர் இணைப்பும் கேஷுவாலிட்டிக்கு இரண்டாவது வாசலும் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்கும் வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன்.