சிமெண்டு மீனும் ஓலைத் தட்டியும்

பாம்பனுக்குப் பக்கத்தில், வடகடல் ஓரமாக ஒரு பூங்கா. ஊர்ப் பெயர் வேண்டாம். நடுவில் ஆள் உயரத்துக்கு நீல பெயிண்ட் அடித்த சிமெண்டு மீன் ஒன்று வாயைப் பிளந்து நிற்கிறது. என்ன மீன் என்று கடைசி வரை பிடிபடவில்லை. பேருந்தில் கூட வந்த பையன் டால்பின் என்றான். டால்பினுக்கு ஏது செதில்?

ஆனி மாதம், காலை பதினோரு மணி. பெஞ்சில் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிட்டேன், அப்படியொரு சூடு. நிழலுக்காக நட்ட கன்றுகள் முழங்கால் உயரத்தில் கருகிக் கிடந்தன. தெற்கே சாலையை ஒட்டிக் கழுத்தளவு மதில். அதில் மீனவர் ஒருவர் வலை வீசுவதாக ஓவியம். மதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால், மீன் கூடையோடு நாலைந்து பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனியில் சூரியன் வடக்கே ஒதுங்கிப் போவதால், இருக்கிற ஒரு முழ நிழலும் மதிலுக்குத் தெற்கேதான் விழுகிறது. காற்றும் அங்கேதான். பூங்காவுக்குள் நான் மட்டும்.

அங்கிருந்து இருநூறு அடி தள்ளி வலை பின்னும் கொட்டகை ஒன்று. பனந்தூண், பனையோலைக் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனதும் உடம்பு குளிர்ந்தது. தூணில் தொங்கிய ரேடியோவில் கடல் ஓசை 90.4 ஓடிக்கொண்டிருந்தது. மீனவர்களுக்காக இந்தத் தீவிலிருந்தே ஒலிபரப்பாகும் சமுதாய வானொலி அது. ஒரு பெரியவர் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, வலை ஊசியால் கிழிசலை அடைத்துக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே போவதும் வெளியே வருவதும் கண்ணுக்கே தெரியவில்லை. அறுந்த கண்ணி மட்டும் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது.

“பார்க்குல உட்காரலயா தம்பி?” என்றார். சுடுகிறது என்றேன்.

“சோழகம் அடிக்கிற மாசத்துல தெக்க செவரு வச்சா காத்து எங்கிட்டுக்கூடி வரும்?” சோழகம் என்றால் தென்காற்று.

கொட்டகைக்குத் தெற்கே மறைப்பே இல்லை. வடக்கே மட்டும் ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள், அதுவும் முடிச்சை உருவினால் கையோடு வந்துவிடும். காற்று மாறினால் தட்டியும் மாறும் என்றார். ஐப்பசியில் வாடை தொடங்கி மழை சாய்வாக அடிக்கும்போது வடக்கே இரண்டு தட்டியாகக் கட்டுவார்களாம். தரைக்கு ஏன் சிமெண்டு போடவில்லை என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக் கூடாது. “வலைய அதுல இழுத்தா என்னத்துக்கு ஆகும்? மணல்னா கிழியாது, நாமளும் கால நீட்டிப் படுக்கலாம்.”

மறுநாள் தனுஷ்கோடி. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள், அதனால் முன்பு போல மணலில் வேன் தள்ளும் வேலை இல்லை. சாலை முடிகிற இடத்தில் நான்முகச் சிங்கத் தூண், அதைச் சுற்றி செல்ஃபி. ஒரு பக்கம் அலையடிக்கும் ஆண்கடல், மறுபக்கம் குளம் மாதிரி பெண்கடல். இதையெல்லாம் நூறு பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

நான் நின்றது ஓர் ஊற்றின் பக்கத்தில். மணலில் இடுப்பளவுக்குத் தோண்டிய குழி. சரியாமலிருக்க அடி இல்லாத தகர டிரம் ஒன்றை உள்ளே இறக்கியிருந்தார்கள். ஒரு அக்கா மண்டியிட்டுக் கொட்டாங்கச்சியால் மேலோட்டமாக மொண்டு குடத்தை நிரப்பினார். ஆழமாக மொண்டால் உப்பு ஏறிவிடுமாம். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது என்று படித்திருக்கிறேன். அந்த அக்காவின் மணிக்கட்டுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது. “குடிச்சுப் பாருங்க தம்பி” என்று நீட்டினார். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, தண்ணீர் நல்ல தண்ணீர்.

1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்குப் பிறகு, இது மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த ஊர். அடுப்பு இன்னும் எரிகிறது.

இதைச் சொல்லும்போது ஆக்லாந்தில் நிலவடிவமைப்பு வேலையில் இருக்கும் என் கல்லூரித் தோழி நினைவுக்கு வருகிறாள். அங்கே பூங்கா, நடைபாதை போன்ற பொது இடங்களை அமைக்க மாவோரி மக்கள் வகுத்துத் தந்த ‘தே அராங்கா’ என்ற ஏழு நெறிகள் இருக்கின்றன. கலைவேலைப்பாடு அதில் ஒரு நெறிதான். இன்னொன்றின் பெயர் ‘அஹி கா’, எரிகிற நெருப்பு என்று பொருள். அந்த மண்ணின் ஆட்கள் அந்த இடத்தில் தொடர்ந்து புழங்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் மீனவர்களைப் பூர்வகுடி என்று எந்த அரசுப் பட்டியலும் சொல்வதில்லை. சரி, பட்டியல் கிடக்கட்டும். நாம் ஓவியத்தோடு கடையைக் கட்டிவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

சாயங்காலம் பெண்கடல் பக்கம் கரைவலை இழுத்தார்கள். இரண்டு கயிறு, கயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். தொடக்கத்தில் எதிர் அணியின் முகம்கூடத் தெரியாத தூரம். பின்னுக்கு நடந்து நடந்து இழுக்க, வலை நெருங்க நெருங்க இரு அணியும் கரையோரமாக நகர்ந்து ஒன்றாகின்றன. வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு இல்லை, “ஏலே இழு” மட்டும்தான். நானும் கயிற்றைப் பிடித்தேன், ஐந்தாவது நிமிடம் உள்ளங்கை எரிந்தது. வலையின் மடியில் சூடையும் காரலும் கொஞ்சம் நெத்திலியும். எனக்கும் ஒரு கை காரல் பங்கு வந்தது. லாட்ஜில் எங்கே குழம்பு வைக்க? பக்கத்திலிருந்த பாட்டியின் கூடையில் போட்டுவிட்டேன்.

இதற்குத் தேவைப்பட்டது வெறும் மணல். குறுக்கே ஒரு பெஞ்சு இருந்தாலும் கயிறு மாட்டிக்கொள்ளும். கடற்கரைப் பூங்காவுக்கு யாராவது என்னிடம் வரைபடம் கேட்டால் (கேட்கப் போவதில்லை), முதலில் இந்த மணலை அளந்து, இங்கே எதுவும் கட்டாதே என்று எழுதிக் கொடுப்பேன். அப்புறம் வேண்டுமானால் தட்டி கட்ட நாலு பனந்தூண்.

ஊர் திரும்பும்போது அந்தப் பூங்கா வழியாகத்தான் பேருந்து வந்தது. சிமெண்டு மீனின் முதுகில் யாரோ நனைந்த வலையை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். காவலாளி கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். வலைக்காரரைக் காணோம்.