டீ சுமார், பாலாடை அபாரம்

ஆஃப்டர்நூன் டீ என்றதும் பலருக்கும் லண்டன் ஹோட்டல்களின் மூன்றடுக்குத் தட்டுதான் நினைவுக்கு வரும். விரல் நீளத்துக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச், பொம்மை சைஸில் கேக், பேர்பெற்ற இடமென்றால் தலைக்கு எழுபது எண்பது பவுண்டு. 1840 வாக்கில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா, மதியத்துக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே பசி தாங்காமல் ஆரம்பித்த பழக்கம் என்பார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தட்டு போட்டோவுக்குத்தான் லாயக்கு. வயிறார வேண்டுமென்றால் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குப் போக வேண்டும்.

கோபியிலிருந்து அத்தை வந்திருந்தபோது அதனால்தான் டெவனில் இருக்கும் டார்ட்மூர் பக்கம் அழைத்துப் போனோம். காலமெல்லாம் எருமை வைத்துப் பால் கறந்தவர். அரண்மனையும் மியூசியமும் பார்த்துச் சலித்திருந்தார்.

விடிகோம்ப் கிராமம் தாண்டியதும் ரோடு ஒரு வண்டி அகலம்தான். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன் மேல் வேலிச்செடி. எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடைக்கும்வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட, அத்தை முருகா முருகா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் போன பண்ணை வீட்டில் தனியாகக் கடை, கவுன்டர் எதுவும் இல்லை. அடுக்களைக்குப் பக்கத்து அறையில் நான்கு மேசை, அவ்வளவுதான். பண்ணைக்கார அம்மாவே ஸ்கோன் என்ற பன் மாதிரிப் பலகாரத்தைச் சுட்டு அவரே கொண்டுவந்து வைக்கிறார். ஸ்கோன் கைக்குச் சூடாக இருந்தது. கத்தி வேண்டாம், நடுவில் பிட்டாலே இரண்டாகப் பிரிந்தது. கூடவே ஸ்ட்ராபெர்ரி ஜாம். அப்புறம் ஒரு பீங்கான் கிண்ணத்தில் கிளாட்டட் கிரீம்.

கிரீம் என்றால் கேக் மேல் பிழிவார்களே, அது இல்லை. மேலே பொன்னிறத்தில் தடியான ஏடு, அதில் ஊசி குத்தியது போல் குட்டிக் குட்டித் துளைகள். ஸ்பூனால் ஏட்டை உடைத்தால் உள்ளே வெண்ணெய்க்கும் பாலாடைக்கும் நடுவில் ஒரு பதம். அத்தை ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, "ஜெர்சியா கண்ணு?" என்றார். ஜெர்சியேதான். கறவையைப் பார்க்காமலே சொல்லிவிட்டார்!

எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். பிரித்தெடுத்த கிரீமை அகலமான தட்டில் ஊற்றி, 'ஆகா' என்ற இரும்பு அடுப்பின் மிதமான அறையில் ராத்திரி முழுக்க வைத்துவிடுவார்களாம். கொதிக்கக் கூடாது, கிளறக் கூடாது. அப்புறம் அசைக்காமல் ஆறவிட்டு ஏட்டோடு வழித்தெடுக்க வேண்டும். (அந்த ஆகா அடுப்பைக் கண்டுபிடித்தவர் இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் தாலேன். நோபல் வாங்கியவர் அடுப்பும் செய்தார் என்றால் மரியாதை கூடத்தான் செய்கிறது.) பக்கத்து கார்ன்வால்காரர்கள் தங்கள் கிரீமுக்கு 1998-லேயே ஐரோப்பியப் பாதுகாப்புச் சான்று வாங்கிவிட்டார்கள், குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருந்தால்தான் கார்னிஷ் கிளாட்டட் கிரீம் என்று பெயர் போட முடியும். அந்தப் பேச்சை எடுத்ததும் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது.

மாட்டைப் பற்றிப் பேசப்போய்ப் பேச்சு 2001-க்குப் போனது. அந்த வருஷம் கோமாரி வந்து பிரிட்டனை உலுக்கியது. ஆறு மில்லியனுக்கு மேல் மாடும் ஆடும் பன்றியும் கொல்லப்பட்டன. டெவனில் அடி பலம். இவர்கள் தொழுவமும் காலியானது. கையில் பணம் புரள வேண்டுமே என்றுதான் இந்த டீ மேசையே போட்டார்களாம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தைக்கு நம்பிக்கையே வரவில்லை. "கோமாரிக்காகவா கொன்னாங்க? மஞ்சளும் வேப்பெண்ணெயும் வெச்சுத் தேத்திருப்பமே!" இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று யோசித்து, "ரொம்ப வருத்தப்படுகிறார்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய் இன்னொரு கிண்ணம் கிரீம் கொண்டுவந்து அத்தை முன்னால் வைத்தார்.

டெவனில் கிரீம் கீழே, ஜாம் மேலே. கார்ன்வாலில் ஜாம் கீழே, கிரீம் மேலே. இதற்காக இரண்டு ஊரும் இன்னும் மல்லுக்கு நிற்கின்றன. எந்தக் கட்சி என்று அத்தையைக் கேட்டேன். ஜாமை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இத்தனை நல்ல ஆடைக்கு எதுக்குப் புளிப்பு? துளி சர்க்கரை கேளு" என்றார். ஸ்கோனையும் தொடவில்லை. கிண்ணம் காலி.

டீ? கம்பளிக் குல்லா போட்ட கெட்டிலில் வந்தது, கூடவே ஜக்கில் ஜில்லென்று பால். "ஏங்கண்ணு, பாலைக் காய்ச்சவே மாட்டாங்களா?" என்று அத்தை காதோடு கேட்டார். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஒரு மடக்குக் குடித்துவிட்டு இருவருமே வைத்துவிட்டோம்.

போக நினைப்பவர்கள் மதியம் சாப்பிடாமல் போங்கள். பல பண்ணைகளில் வெயில் மாதங்களில் மட்டும்தான் டீ, அதனால் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன வண்டியாக எடுங்கள். ரிவர்ஸ் நன்றாக வருபவர் கையில் சாவியைக் கொடுங்கள்.