கடலையின் எண்ணெயும் பழத்தின் நீரும்: ஆறு வாரம் செய்து பார்த்த அனுபவம்

சென்ற சித்திரையில், பகல் பதினொரு மணிக்கு மேல் எங்கள் திண்டுக்கல் வீட்டுச் சமையலறையில் நிற்கவே முடியாமல் போனபோது, மாலைச் சிற்றுண்டிக்காவது அடுப்பைப் பற்றவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் கோடை விடுமுறையில் வீட்டில் இருந்தார்கள். மணி நான்கு அடித்தால் தின்ன ஏதாவது கேட்பார்கள். கடைகளில் பீனட் பட்டர் என்று விற்கப்படும் கடலை வெண்ணெயை வீட்டிலேயே அரைத்து வைத்துக்கொண்டால், பழத்தோடு சேர்த்து ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டை நிரப்பிவிடலாம் என்று எண்ணித் தொடங்கிய வேலை இது. பழத்தை நறுக்கி வெண்ணெயைத் தடவுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆறு வாரம் ஆயிற்று.

கடலையை நான் வறுக்கவில்லை. கடைத்தெருவில் மணலில் வறுத்து விற்கும் நிலக்கடலையை அரைக் கிலோ வாங்கினேன். அடுப்பில்லாத சமையல் என்று சொல்லிக்கொண்டு அடுப்பு வேலையைக் கடைக்காரர் தலையில் கட்டுவது நியாயமா என்று வீட்டில் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. கடலையைத் துணியில் கொட்டித் தேய்த்து, சுளகில் புடைத்துத் தோலை நீக்கினேன். சுருங்கியவற்றையும் கறுத்தவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கி எறிந்தேன். கடலையில் படரும் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு, வறுப்பதால் முழுவதும் அழிந்துவிடாது என்பதால் இதில் சிக்கனம் பார்ப்பதில்லை.

சட்னி ஜாரில் 200 கிராம் கடலையைப் போட்டு அரைக்கத் தொடங்கினால், முதல் நிமிடத்தில் அது இட்லிப்பொடி போலத் தூளாகிறது. அடுத்து அந்தத் தூள் ஈரப்பதம் கண்டதுபோல ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ள, பிளேடு வெறுமனே சுற்றுகிறது. பலர் எண்ணெய் ஊற்றுவது இந்தக் கட்டத்தில்தான். நானும் எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்துவிட்டுத்தான் வைத்தேன். கடலையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் என்பதால், வழித்துவிட்டு வழித்துவிட்டு அரைத்தால் அது தானே கசிந்து வருகிறது. நான்காவது ஐந்தாவது நிமிடத்தில் முழுவதும் ஒரே உருண்டையாகத் திரண்டு ஜாருக்குள் தடதடவென்று உருள்கிறது. பிறகு அந்த உருண்டை திடீரென்று உடைந்து, பளபளப்பாகி, இட்லி மாவுப் பதத்தில் மடிந்து மடிந்து விழுகிறது. அந்த ஒரு கணத்தைப் பார்ப்பதற்காகவே இதை மறுபடியும் அரைக்கலாம்.

முதல் நாள் அவசரத்தில் நிறுத்தாமல் ஓட்டியதால், மிக்ஸி பாதியில் நின்றுவிட்டது. “மிக்ஸிக்கும் வெயில் அடிக்குதுடி, கொஞ்சம் விடு” என்றார் அம்மா. அரை மணி நேரம் ஆறவிட்டு, அடிப்பக்கம் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகே அது உயிர்பெற்றது. அன்றுமுதல் ஒரு நிமிடம் ஓட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த அந்த முதல் வெண்ணெய், வாயில் வைத்ததும் நறநறவென்றது: வறுத்த மணல். கழுவிவிடலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் கழுவினால் கடலை ஈரமாகும். ஆகவே இரண்டாம் முறை, பெரிய கண் சல்லடையில் சலித்து, உலர்ந்த துணியால் கைப்பிடி கைப்பிடியாகத் துடைத்தேன்.

ஈரம் ஏன் கூடாது என்பது இரண்டாம் வாரம்தான் எனக்கு உண்மையில் விளங்கியது. நன்கு கனிந்த பூவன் பழம் ஒன்றை மசித்து, கடலை வெண்ணெயோடு கலந்து ரொட்டித் துண்டில் தடவலாம் என்று ஒரு கரண்டி மசியலைப் போட்டுக் கிளறினேன். இரண்டு இளகிய பொருள்களைச் சேர்த்தால் இன்னும் இளகத்தானே வேண்டும்? கிளறக் கிளற அது இறுகி, கரண்டியை நட்டால் நிற்கும் களியாகிவிட்டது. வெண்ணெய் கெட்டுவிட்டது என்று நினைத்தேன், கெடவில்லை. கடலை வெண்ணெய் என்பது எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்ணிய புரதத் துகள்களும் மாவுத் துகள்களும்தான். சிறிதளவு நீர் சேர்ந்தவுடன், அதை உறிஞ்சிக்கொண்ட துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று கரண்டி மசியலைச் சேர்த்துக் கிளறினால், இறுகியது மீண்டும் தளர்ந்து, நிறம் வெளுத்து, பாயசம்போல வழியும் குழம்பாகிறது. ஆக, பழத்தைச் சேர்ப்பதானால் தாராளமாகச் சேர்க்க வேண்டும், அல்லது சேர்க்கவே கூடாது. நடுவில் நின்றால் களிதான். தேனைக் கலந்தாலும் இதே கதை என்பதையும் அந்த வாரமே பார்த்துக்கொண்டேன்.

ஆப்பிள் வேறொரு வகையில் ஏமாற்றியது. துண்டுகள் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவி, அதன்மேல் வெண்ணெயைப் பூசினால், பூச்சு வழுக்கிக்கொண்டு தட்டில் இறங்கியது. இப்போது ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளை ஐந்து நிமிடம் அதில் போட்டெடுத்து, துணியில் ஒற்றி உலர்த்திய பிறகே தடவுகிறேன். சாப்பிடும்போது உப்பு தெரிவதில்லை. மேலே உலர்திராட்சை வைத்தால் பிள்ளைகளுக்குப் போதும். இரண்டு வயது நிரம்பாத அண்ணன் மகனுக்கு மட்டும் உடைத்த கடலை, உலர்திராட்சை எதுவும் இல்லாமல், மசித்த பழத்தில் தளரக் கலந்து சிறிதளவு கொடுக்கிறோம். கட்டியான கடலை வெண்ணெய் பெரியவர்களுக்கே தொண்டையில் ஒட்டும்.

மூன்றாம் வாரம் பேரீச்சை உருண்டை. பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்தால் எளிதாக அரைபடும் என்பதால் அப்படியே செய்து, கடலை வெண்ணெயும் ஏலக்காயும் சேர்த்து உருட்டினேன். மென்மையாக, அழகாக வந்தது. வெளியில் வைத்திருந்த உருண்டைகள் மூன்றாம் நாள் புளிப்பு வாடை அடித்தன. நான்காம் நாள் ஒன்றின்மேல் வெள்ளைப் பூஞ்சை. அடுத்த முறை ஊறவைக்காமல், 200 கிராம் பேரீச்சையைக் கொட்டை நீக்கி, கத்தரியால் துணுக்குகளாக வெட்டி, மூன்று மேசைக்கரண்டி கடலை வெண்ணெயும் இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவும் சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டினேன். பிசைந்தால் கை வலிக்கும் அளவுக்குக் கெட்டி. ஆனால் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் கழித்தும் அந்த உருண்டைகள் செய்த அன்று இருந்தபடியே இருந்தன. கையில் ஒட்டும் பிசுக்கைப் பொட்டுக்கடலை மாவு வாங்கிக்கொள்கிறது. கடைகளில் இதற்கு ஓட்ஸ் தூளைச் சேர்க்கிறார்கள். பொட்டுக்கடலை இருக்கும் வீட்டில் அதற்கு வேலையில்லை என்பது என் கட்சி.

இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருந்தபோதுதான், அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பழனியை நான் ஏன் நினைக்கவில்லை என்று உறைத்தது. பஞ்சாமிர்தமும் அடுப்பேறாத பழக் கலவைதான்: வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலக்காய். அதில் ஒரு சொட்டு நீர் சேர்ப்பதில்லை. அதற்கென்று பேர்போன விருப்பாச்சி மலைப்பழத்தில் இயல்பாகவே ஈரம் குறைவு. மிச்சமிருக்கும் ஈரத்தையும் சர்க்கரை கட்டிப்போட்டுவிடுவதால் நுண்ணுயிர்களுக்கு அது கிட்டுவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தைச் சிறு வயதிலிருந்து நக்கித் தின்றுவிட்டு, பூவன் பழத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்காம் வாரம் சிறுமலைப் பழம் வாங்கினேன். தோல் தொளதொளத்துக் கறுக்கத் தொடங்கிய பழத்தை அரை அங்குல வில்லைகளாக நறுக்கினால் பூவன்போலக் குழையாமல் நிற்கிறது. இரண்டு வில்லைகளுக்கு நடுவில் அரைத் தேக்கரண்டி கடலை வெண்ணெயை வைத்து, தட்டில் ஒன்றையொன்று தொடாதபடி பரப்பி, ஃபிரீசரில் இரண்டு மணி நேரம் வைத்தேன். இந்த ஆறு வாரத்தில் பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்டது இதைத்தான். பழத்தின் நீர் உறைந்துவிடுவதால் வெண்ணெய் இளகவோ இறுகவோ வழியில்லை. பழமோ கடிக்கும்போது ஐஸ்கிரீம்போல இருக்கிறது. வெளியே எடுத்து ஐந்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எங்கள் வீட்டில் அது இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை.

ஐந்தாம் வாரம் பண்ருட்டியிலிருந்து வந்த உறவினர் ஒரு பலாப்பழமும் அரைக் கிலோ முந்திரியும் கொண்டுவந்தார். அந்த ஊர் இரண்டுக்குமே பெயர்பெற்றது என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. முந்திரி வறுக்காமலே அரைபட்டது. நிலக்கடலையைப்போல எண்ணெய் விடாமல் கெட்டியாகவே நின்றதால், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் சேர்த்தேன். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதால், குளிர்சாதனப் பெட்டியில் அந்த விழுது வெட்டி எடுக்கும் பதத்துக்கு வருகிறது. பலாச்சுளையின் பக்கத்தைக் கீறிக் கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் முந்திரி விழுதைத் திணித்துக் குளிரவைத்தேன். சுளையின் உட்புறம் வழவழப்பாக இருந்தாலும் சாறு கசிவதில்லை. விழுது வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. என் கணக்கில் முதல் மதிப்பெண் இதற்கே.

பழுத்த மாம்பழம் இன்னும் வசப்படவில்லை. ஃபிரீசர், பொட்டுக்கடலை மாவு இரண்டுமே அதன் சாற்றிடம் தோற்றன. ஆறாம் வாரம் அதை விட்டுவிட்டு, பாதி பழுத்த கிளிமூக்கு மாங்காயைக் கனமான துண்டுகளாக நறுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த கடலை வெண்ணெயைத் தடவினேன். கடற்கரைச் சுண்டலை நினைவூட்டும் ருசி. பெரியவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் உப்பு மாங்காயிலிருந்து நீரை இழுத்துவிடுவதால், பத்தாவது நிமிடம் தட்டில் புளிப்புத் தண்ணீர் தேங்கி, பூச்சு முழுவதும் நழுவியிருந்தது. இப்போது வெண்ணெயில் மிளகாய்த்தூளை மட்டும் கலக்கிறேன். தட்டு மேசைக்கு வந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உப்பைத் தூவுகிறேன்.