புதுச்சேரியில் பர்சனல் டிரெய்னர்: ஜிம்முக்கு வராதவர்தான் உங்கள் கிளையன்ட்

புதுச்சேரியிலோ கடலூரிலோ பர்சனல் டிரெய்னராகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் குறிவைப்பது இருபது, இருபத்தைந்து வயதுப் பையன்களை. அவர்களுக்கு ஜிம் கட்டணமே சுமை. மீதியை யூடியூபிலும், பக்கத்தில் வெயிட் தூக்குகிற நண்பனிடமும் கற்றுக்கொள்வார்கள். தனியாகப் பணம் கொடுத்து வருஷக்கணக்கில் தொடர்கிறவர் வேறு ஆள். நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். சுகருக்கோ பிரஷருக்கோ மாத்திரை போடுகிறவர். படி ஏறினால் முட்டி வலிக்கும். ஜிம்முக்குள் கால் வைக்கக் கூச்சம். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், ரெயின்போ நகர், கடலூரில் மஞ்சக்குப்பம், செம்மண்டலம் என்று எங்கே பார்த்தாலும் இவர் இருக்கிறார். என்ன படிப்பது, என்ன கருவி வாங்குவது, எவ்வளவு கேட்பது என்பதையெல்லாம் இவரை மனதில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில் சான்றிதழ். நம் நாட்டில் டிரெய்னராக வேலை செய்யத் தனி உரிமம் எதுவும் கட்டாயமில்லை. அதனாலேயே சான்றிதழ் உள்ளவருக்கு மதிப்பு. ஏ.சி.ஈ., என்.ஏ.எஸ்.எம். இரண்டும் உலக அளவில் செல்லுபடியாகும் அமெரிக்கச் சான்றிதழ்கள். ஏ.சி.ஈ. தேர்வில் 150 கேள்விகள், 3 மணி நேரம். எழுத 18 வயது ஆகியிருக்க வேண்டும், சி.பி.ஆர். (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சிச் சான்றும் வேண்டும். இரண்டையுமே 2 வருஷத்துக்கு ஒருமுறை தொடர்கல்வி முடித்துப் புதுப்பிக்க வேண்டும். ஆங்கிலப் பாடம் கடினம் என்றால், மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் வருகிற ஃபிட்னஸ் டிரெய்னர் படிப்பில் தொடங்கலாம். எதைப் படித்தாலும் சரி, ஒரு ஜிம்மில் ஆறு மாதமாவது, வருகிற எல்லோரையும் பொதுவாகக் கவனிக்கிற ஃப்ளோர் டிரெய்னராக நில்லுங்கள். சம்பளம் குறைவுதான். ஆனால் நூறு விதமான உடம்புகள் குனிந்து நிமிர்வதைப் பார்த்துப் பழகிய கண்ணைப் புத்தகம் தராது.

சி.பி.ஆரைச் சான்றிதழுக்காக மட்டும் படிக்காதீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம், கூடவே 108-க்கு அழைப்பு. இது கையில் பழகியிருக்க வேண்டும், ஏனென்றால் உங்களிடம் வரப்போகிறவர்கள் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள்.

இனி முதல் சந்திப்பு. அன்றைக்கே வியர்க்க வைத்து அனுப்ப வேண்டும் என்ற ஆசைதான் புதியவர்கள் செய்கிற பெரிய தவறு. முதல் ஒரு மணி நேரத்தில் பாதி கேள்விக்கும் அளவுக்கும் போக வேண்டும். பார்-க்யூ என்கிற ஏழு கேள்விப் படிவத்தைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய் உண்டா, நெஞ்சு வலி வருகிறதா, தலை சுற்றி விழுந்ததுண்டா, எலும்பு மூட்டுப் பிரச்சினை உண்டா, பிரஷர் அல்லது இதயத்துக்கு மாத்திரை போடுகிறாரா என்கிற கேள்விகள். ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் அவருடைய டாக்டரிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கிய பிறகுதான் பயிற்சி. வாயால் கேட்டால் பலரும் "எல்லாம் நார்மல்தான் தம்பி" என்பார்கள். மாத்திரை அட்டையையே எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் மெட்டோபுரோலால், அட்டினலால் என்று இருந்தால் நாடித்துடிப்பு மருந்தினாலேயே குறைவாகத்தான் ஏறும். வாட்சில் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்கிற அளவே அவருக்குச் சரியான அளவுகோல்.

பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். வந்தவுடன் பார்க்கக் கூடாது. நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, மிஷின் பட்டைக்கு அடியில் சட்டைத் துணி இல்லாமல், கை இதய மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். அரை மணிக்குள் காபி குடித்திருந்தால் எண் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். 180/110-க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, டாக்டரிடம் அனுப்ப வேண்டும். 140/90-ஐத் தாண்டியே தொடர்ந்து இருந்தாலும் சொல்லி அனுப்புங்கள். இப்படி அனுப்பினால் கிளையன்ட் போய்விடுவாரே என்று பயப்பட வேண்டாம். அவர் திரும்பி வருவார், வரும்போது அவருடைய டாக்டருக்கும் உங்களைத் தெரிந்திருக்கும்.

இடுப்புச் சுற்றளவை, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் எடுங்கள். இந்தியர்களுக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. என்பது எச்சரிக்கைக் கோடு. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.-யில் 23-க்கு மேல் கூடுதல் எடை, 25-க்கு மேல் உடல் பருமன். பிறகு நாற்காலிச் சோதனை: 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதில் ஆண் 14-க்குக் கீழ், பெண் 12-க்குக் கீழ் என்றால் கால் வலு சராசரியைவிடக் குறைவு. முதல் நாள் 9, ஆறாவது வாரம் 13 என்று நோட்டில் காட்ட முடிந்தால், எடை மிஷின் முள் அசையாத மாதத்திலும் அவர் விட்டுப் போக மாட்டார்.

சுகர் உள்ளவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் ஊரில் காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் வருவதுதான் வழக்கம். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவருக்குச் சுகர் இறங்குவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அது சட்டென்று இறங்கலாம். இவர்களைப் பயிற்சிக்கு முன் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 90-க்குக் கீழ் இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடுவில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் குழறல் வந்தால் நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். ஆள் நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். 250-க்கு மேல் காட்டி, உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓய்வு. சுகர்காரரின் பாதத்தை மாதம் ஒருமுறை ஷூ, சாக்ஸ் கழற்றிப் பார்ப்பது நல்லது. உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் அவருக்கே தெரியாது.

பயிற்சியை எளிதாகத் தொடங்குங்கள். முதல் நாளே ஜம்பிங் ஜாக், பர்பி என்று குதிக்கிற பயிற்சிகளைப் போட்டுத் தாக்கினால் தசைவலி மறுநாளிலிருந்து மூன்றாம் நாள் வரை பிழிந்தெடுக்கும், அவர் திரும்ப வரவே மாட்டார். அளவு மீறிப் போனால் தசை சிதைந்து சிறுநீர் கோலா நிறத்தில் போகும். அது நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம். முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் புஷ்-அப், ரப்பர் பேண்டை இழுப்பது, தரையில் படுத்து இடுப்பைத் தூக்குவது ஆகிய நான்கு போதும். ஒவ்வொன்றும் இரண்டு செட், பத்து ரெப்; அதாவது ஒரு சுற்றுக்குப் பத்து முறை, அப்படி இரண்டு சுற்று. முட்டி வலித்தால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வலி குறையக் குறைய எடுத்துவிடலாம். பளுவைத் தள்ளும்போது மூச்சை விட வேண்டும். அடக்கினால் பிரஷர் எகிறும் என்பதைச் சொல்லிக்கொண்டே இருங்கள், முதல் மாதம் முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

எடை கூட்ட ஒரு எளிய விதி: கடைசி செட்டில் சொன்னதைவிட இரண்டு ரெப் கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சிகளில் செய்துவிட்டால் அடுத்த எடைக்குப் போகலாம். ஆனால் இரண்டரை கிலோ டம்பெல்லுக்கு அடுத்து ஐந்து கிலோதான் கையில் இருக்கிறது என்றால் அது ஒரே தாவலில் இரண்டு மடங்கு. பெண்களுக்குத் தோள் பயிற்சி நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நடுவில் மூன்று, நான்கு கிலோ ஜோடிகள் வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் இறக்குவதை நான்கு விநாடிக்கு இழுக்கச் சொல்லுங்கள். கருவி வாங்கும்போது ரப்பர் பூசியதாகவே வாங்குங்கள். நம் கடற்காற்றில் வெறும் இரும்பு சீக்கிரம் துருவேறும், கிளையன்ட் வீட்டு மொசைக் தரையிலும் கறை படியும்.

சாப்பாட்டில் உங்கள் எல்லையைத் தெரிந்துவையுங்கள். நான்கு இட்லியில் புரதம் எட்டு கிராம் அளவுதான், கூட இரண்டு முட்டை வைத்தால் இன்னொரு பன்னிரண்டு சேரும் என்று சொல்லலாம். மதியம் மத்தி மீன், புரட்டாசியில் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று அந்த வீட்டுச் சமையலுக்குள்ளேயே வழி காட்டலாம். கிட்னி பிரச்சினை உள்ளவருக்குப் புரதத்தைக் கூட்டச் சொல்வது உங்கள் வேலை இல்லை. ஊசி, மாத்திரை என்று ஸ்டீராய்டு பக்கம் போகவே போகாதீர்கள். காசுக்காக அதை விற்கிற டிரெய்னர் ஒரு இளைஞனின் இதயத்தோடும் ஈரலோடும் விளையாடுகிறார். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கிளையன்ட் பிடிப்பதற்கு வருவோம். இன்ஸ்டாகிராமில் சிக்ஸ்-பேக் படம் போட்டு இந்த வயதுக்காரரைப் பிடிக்க முடியாது, அவர் அதைப் பார்த்துப் பயப்படுவார். அவர் காலையில் நடக்கிற இடத்தில் உங்களைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி போகாது, விடியற்காலையில் நடக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான். கடலூரில் சில்வர் பீச்சும் அண்ணா விளையாட்டரங்கமும். அங்கே ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முதல் கிளையன்ட்டுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுங்கள். நோட்டீஸ் வேண்டாம். அறுபது வயது அம்மா ஒருவர் ரப்பர் பேண்டை இழுத்துக்கொண்டு சிரித்துப் பேசுவதை அடிக்கடி பார்க்கிறவர்கள் தாங்களாகவே வந்து கேட்பார்கள்: "மாஸ்டர், எனக்கு முட்டி வலி, நானும் செய்யலாமா?" அப்போதே கட்டணத்தைச் சொல்லாமல், "சார், உங்க மாத்திரைச் சீட்டை எடுத்துட்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் நீங்கள் யார் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்தது பிசியோதெரபிஸ்ட்டுகளும் சுகர் டாக்டர்களும். பிசியோவிடம் சிகிச்சை முடிந்து, வலி நின்றும் வலு வராதவர்கள் நிறைய. அவர்களை எங்கே அனுப்புவது என்று பிசியோவுக்கே தெரிவதில்லை. விசிட்டிங் கார்டு மட்டும் கொடுத்தால் மேஜை டிராயரில் கிடக்கும். ஒரு கிளையன்ட்டின் அனுமதியோடு அவருடைய ஆறு வாரப் பதிவை ஒரே பக்கத்தில் அச்செடுத்து, அவருடைய டாக்டருக்கே கொடுத்தனுப்புங்கள்: தொடக்கத்தில் இருந்த பிரஷர், இப்போதுள்ளது, இடுப்பளவு, நாற்காலிச் சோதனை எண். டாக்டர் அனுப்பி வைத்தால் கமிஷன் கொடுப்பது என்ற பேச்சே வேண்டாம்.

கூகுளில் தொழில் பக்கம் இலவசம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்குப் போவீர்கள் என்பதை மட்டும் காட்டலாம். ஒவ்வொரு கிளையன்ட்டிடமும் மூன்றாவது மாதம் முடிந்ததும் இரண்டு வரி கருத்து கேளுங்கள். பெண் டிரெய்னர்களுக்கு இங்கே தேவை மிக அதிகம், வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஆள் கிடைக்காமல் பெண்கள் காத்திருக்கிறார்கள். ஆண் டிரெய்னர் பெண் கிளையன்ட் வீட்டுக்குப் போனால் கதவு திறந்திருக்கட்டும், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். தோளைத் திருத்தத் தொடுவதற்கு முன், "தொட்டுக் காட்டலாமாக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கட்டணம் போடும்போது பயண நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரு செஷன் 500 ரூபாய் என்று வைத்தால், மாதம் 12 செஷனுக்கு 6,000. லாஸ்பேட்டையில் ஒன்று, அரியாங்குப்பத்தில் அடுத்தது என்று ஒத்துக்கொண்டால் ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை சிக்னல்களில் நிற்பதிலேயே காலை போய்விடும். போக வர ஒரு மணி ஆனால் உங்கள் உண்மையான கூலி மணிக்கு 300 கூட வராது. மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தால் 5.30, 6.30, 7.30 என்று காலையில் மூன்று பேர், தலா 45 நிமிடம், நடுவில் கால் மணி பயணம். மாலையிலும் அப்படியே மூன்று பேர். திங்கள்-புதன்-வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய்-வியாழன்-சனி இன்னொரு கூட்டம் என்றால் மொத்தம் 12 பேர், முழுதாக நிரம்பினால் 72,000. முதல் வருஷம் பாதி நிரம்பினாலே நல்லது. கணவன் மனைவி சேர்ந்து வந்தால் இருவருக்கும் சேர்த்து 700 என்று குறைத்துக் கொடுங்கள், ஜோடியாக வருகிறவர்கள் லீவு போடுவது குறைவு. சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான், அதனால் இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம்.

பணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். முந்தின இரவு 9 மணிக்குள் சொன்னால் செஷன் தள்ளி வைக்கப்படும், காலையில் சொன்னால் கழிக்கப்படும், வாங்கிய 12 செஷனை 5 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்கி வையுங்கள். நீங்கள் லீவு போட்டால் அந்த செஷனை இலவசமாக ஈடுகட்டுங்கள். கத்திரி வெயிலில் நேரத்தை 5 மணிக்கு இழுத்து, தண்ணீர் இடைவேளையைக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடற்கரைப் பயிற்சி வாரக்கணக்கில் நின்றுபோகும், புயல் எச்சரிக்கை என்றால் கடற்கரைப் பக்கமே போக முடியாது. அதற்குப் புரட்டாசியிலேயே ஒவ்வொரு கிளையன்ட்டின் வீட்டிலும் ஒரு ரப்பர் பேண்ட், ஒரு பாய், ஒரு நாற்காலி என்று இடம் பார்த்து வைத்து, மழை நாளில் அங்கேயோ வீடியோ காலிலோ அதே நேரத்துக்குத் தொடருங்கள்.