கல்லு இருக்குக்கா

வயித்துல ஸ்கேன் பாத்துட்டு "பித்தப்பையில கல்லு இருக்குக்கா"ன்னேன், அவ்ளோதான் சொன்னேன். உடனே அந்தக்கா "அப்போ இந்த வாய்வெல்லாம் அதாலதானா தம்பி"ன்னு கேட்டாங்க, நான் ஜெல்ல தொடைக்க டிஷ்யூவ குடுத்துட்டு "டாக்டர் சொல்லுவாருக்கா"ன்னுட்டேன். வெளிய 14 பேரு ராத்திரியில இருந்து ஒண்ணும் திங்காம உக்காந்திருக்காங்க, நான் என்ன செய்ய.

ரெண்டு வார்த்த கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஆலங்குளம் பக்கத்து ஆளு, பீடி சுத்துதாங்க, காலைல பீடித் தட்ட மடியில வச்சா 3 மணிக்குத்தான் சோறு, நடுவுல கடுங்காப்பி. சாப்ட்டதும் வயிறு உப்பும், ஏப்பம், நெஞ்சு கரிப்பு. பித்தப்பைக் கல்லு வலி அப்படி வராது, மேல்வயித்துலயோ வலது விலாவுக்கு அடியிலயோ புடிச்சா அரைமணி, சில சமயம் நாலஞ்சு மணி நேரம் விடாது, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் ஏறும். வாய்வு, உப்புசம்னு வர்றவங்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்லாதவங்களுக்கும் கல்லு இருக்கது ஏறக்குறைய ஒரே அளவுதான், கல்லு உள்ள 10 பேர்ல 8 பேருக்கு அது கெடக்கதே தெரியாது. இதெல்லாம் எனக்கு அன்னைக்கும் தெரியும்.

ரிப்போர்ட்ல தப்பு கெடையாது. அஞ்சாறு கல்லு, பெருசு 6 மி.மீ, ஒருக்களிச்சு படுக்க வச்சா உருளுது, ஸ்கேன்ல கல்லுக்குப் பின்னால நிழல் விழுது, பித்தப்பை சுவர் தடிக்கல. ஸ்கேன் பாக்கவன் வேலை அதோட முடிஞ்சுது.

3 மாசம் கழிச்சு அதே அக்கா. லேப்ராஸ்கோப்பில பித்தப்பைய எடுத்தாச்சு, கம்மல் அடகுல. ஆஸ்பத்திரில குடுத்த டப்பாவ கொண்டாந்திருந்தாங்க, கருப்பா நல்லமொளகு கணக்கா கல்லு (நம்ம தெக்க கருப்புக்கல்லு சாஸ்தி, வடக்க கொழுப்புக்கல்லு). ஏப்பம் அப்படியே இருக்காம். "எதும் மிச்சம் கெடக்கான்னு பாருங்க தம்பி"ன்னாங்க. ஏசியிருந்தா கூட பரவால்ல. பித்தக்குழாய் சுத்தமா இருந்துச்சு.

பொறவு கொஞ்ச நாள் வாயத் தொறந்தே சொன்னேன், கல்லு இருக்கு ஆனா உங்க தொந்தரவு அதால இருக்காதுன்னு. ஒரு அண்ணாச்சி அதக் கேட்டுட்டு டாக்டர்ட்ட போகவே இல்ல, எட்டு மாசத்துல கல்லு குழாய்ல எறங்கி கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்து நின்னாரு. அவருக்கு நான் சொன்னது அன்னைக்கு சரிதான், அப்படித்தான் நெனைக்கேன், ஆனா டாக்டரப் பாருங்கன்னு அழுத்திச் சொன்னேனான்னு ஞாபகம் இல்ல.

இப்போ வலி எவ்ளோ நேரம் நிக்கும், எப்போ சாப்பிடுவீங்கன்னு கேக்கேன். ரிப்போர்ட்ல அத எழுத எடமில்ல, அதனால அனுப்புன டாக்டருக்கு போன் போடுதேன், பாதி பேரு எடுக்கதில்ல. நேத்து ஒரு ஆச்சிகிட்ட அதுவும் கேக்கல, கூட்டம், "டாக்டர் சொல்லுவாரு ஆச்சி"ன்னு டிஷ்யூவ நீட்டிட்டேன்.