கேஸ் வொர்க் பேப்பரும் வைவாவும்: மீட்கப்பட்ட ஒரு குடும்பத்துக்கு நான் பிளான் எழுதிய விதம்

சமூகப்பணிப் படிப்பின் ரிசல்ட் வந்துவிட்டது. கேஸ் வொர்க் (தனிநபருக்கும் குடும்பத்துக்கும் உதவும் முறை) பேப்பரிலும் ஃபீல்டு வொர்க் வைவாவிலும் (களப்பணி வாய்மொழித் தேர்வு) நான் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். இன்டர்னலில் மட்டும் வயிற்றெரிச்சல். அதைக் கீழே கொட்டுகிறேன். "நோட்ஸ் இருந்தா அனுப்புங்கக்கா" என்று ஜூனியர்கள் விடாமல் கேட்கிறார்கள். நோட்ஸ் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பது ஒரே ஒரு பழக்கம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேப்பர் அமைப்பு உங்களுக்கே தெரியும். கேஸ் வொர்க் முன்னோடிகளான பீஸ்டெக்கின் ஏழு கொள்கை, பெர்ல்மனின் நாலு 'பி' (ஆள், பிரச்சினை, இடம், செயல்முறை) எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். மார்க் கரைவது கடைசிக் கட்டாயக் கேள்வியில்தான். கேஸைக் கொடுத்து, ட்ராமா இன்ஃபார்ம்டாகவும் (பட்ட மன அதிர்ச்சியைக் கணக்கில் எடுத்து, மறுபடி காயப்படுத்தாமல்) பண்பாட்டுக்கு இசைவாகவும் பிளான் எழுதச் சொல்லும் கேள்வி. எங்களுக்கு வந்த கேஸ் சுருக்கமாக இது:

இருளர் பழங்குடிச் சமூகத்துப் பெண், 28 வயது. கணவர், இரண்டு பிள்ளைகளோடு ஓர் அரிசி ஆலையிலிருந்து கொத்தடிமைத் தொழிலாளியாக மீட்கப்பட்டு மூன்று மாதம் ஆகிறது. வாங்கிய முன்பணம் 20,000 ரூபாய். இரவில் தூக்கம் இல்லை. லாரி சத்தம் கேட்டால் சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடுகிறார். கணவர் குடிக்கிறார். ஒன்பது வயதுப் பையன் பள்ளிக்கூடம் பார்த்ததே இல்லை. "வாங்குன காச கழிக்காம வந்துட்டோம், திரும்பிப் போயிடலாம்" என்கிறார் அந்த அம்மா.

ஹாலை விட்டு வெளியே வந்ததும் எல்லோரும் சொன்ன விடை ஒரே அச்சு. அம்மாவுக்கு கவுன்சலிங், அப்பாவுக்குக் குடிநோய் மறுவாழ்வு மையம், பையனுக்கு ஹாஸ்டல், பிறகு தையல் பயிற்சி, சுய உதவிக் குழு, ஃபாலோ அப். தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளையன்ட்டின் பெயரை மாற்றிவிட்டால் தமிழ்நாட்டில் யாருக்கும் பொருந்துகிற விடை அது. திருத்துகிறவர் அதை ஒரு கட்டு பேப்பர் முழுக்கப் படித்திருப்பார்.

நான் பிளான் எழுதுவதற்கு முன்னால் ரஃப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதுவேன்: இந்த அம்மா தன் கதையை இனி எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருக்கும்?

எழுதிப் பாருங்கள், மலைப்பாக இருக்கும்.

- ஆர்.டி.ஓ. அல்லது சப் கலெக்டர் விசாரணை (கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு தரும் விடுவிப்புச் சான்றிதழுக்கு)
- காவல் நிலையம்
- மாஜிஸ்ட்ரேட் முன் வாக்குமூலம்
- இலவச சட்ட உதவி வக்கீல்
- சாதிச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. தொடங்கி மேலே வரை
- ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு
- அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.
- பள்ளித் தலைமை ஆசிரியர்
- மீட்பில் உதவிய தொண்டு நிறுவன ஊழியர்
- பத்திரிகைக்காரர் யாராவது
- கையில் கேஸ் ஷீட்டோடு நாம்

கடைசி வரியைக் கட்டாயம் எழுதுங்கள். ஃபீல்டு வொர்க் மாணவரும் அந்த வரிசையில் ஒரு மேஜைதான். நம்மிடம் கதை சொல்வதால் அவர்களுக்கு ஒரு சான்றிதழும் கிடைக்கப்போவதில்லை. நமக்குத்தான் ரெக்கார்டு நிரம்பும்.

பிறகு அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சட்டப்படி அவரே சொல்லியாக வேண்டிய இடங்கள் ஆர்.டி.ஓ., போலீஸ், மாஜிஸ்ட்ரேட், பின்னால் கோர்ட். அங்கே நம் வேலை தயார்படுத்துவது: என்ன கேட்பார்கள் என்று முதல் நாளே சொல்வது, யார் கூட வரவேண்டும் என்று அவரையே கேட்பது, நடுவில் தண்ணீர் கேட்கலாம், நிறுத்தச் சொல்லலாம் என்று தெரியப்படுத்துவது. மற்ற இடங்களில் வாய் திறக்கவே தேவையில்லை. வங்கியில் கணக்குத் தொடங்க அரிசி ஆலையில் அடித்தார்களா என்று யாருக்கும் தெரிய வேண்டாம். பள்ளிக்கு பையனின் வயது போதும்; 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேவைப்படும் இடத்தில் மட்டும் விடுவிப்புச் சான்றிதழின் நகலும், அவர் சம்மதத்தோடு நாம் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் பேசட்டும்.

சாம்சா என்ற அமெரிக்க அரசு மனநல அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆறு ட்ராமா கொள்கைகளை எல்லோரும் வரிசையாக எழுதி அடிக்கோடு போடுகிறார்கள். பாதுகாப்பு, நம்பகத்தன்மை, சக அனுபவசாலிகளின் துணை, கூட்டுச் செயல்பாடு, சொந்தக் குரலும் தேர்வும், பண்பாடு-வரலாறு-பாலினம் சார்ந்த கவனம். நான் அதைத் தனியாக எழுதவில்லை. மேஜைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எந்தக் கொள்கை பொருந்துகிறது என்று போட்டேன். ஆறும் தானாக வந்துவிட்டது.

சரி, "திரும்பிப் போயிடலாம்" என்பதை என்ன செய்வது? கேஸின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி அந்தக் கடன் ஒழிந்துவிட்டது. இதை எழுதினால் சட்ட அறிவுக்கு மார்க் உண்டு. ஆனால் "கடன் இல்லை என்று கிளையன்ட்டுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்" என்று எழுதி மூடிவிடாதீர்கள். அந்த அம்மாவுக்குச் சட்டம் தெரியாதது மட்டும் பிரச்சினை இல்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறது அவருக்கு. அதை அறியாமை என்று எழுதினால் அவர் நேர்மையைக் கொச்சைப்படுத்துகிறோம். போதாக்குறைக்கு அங்கே தலைக்கு மேல் கூரையும் இரண்டு வேளை அரிசியும் இருந்தது. இங்கே என்ன இருக்கிறது?

நான் எழுதியது: முதல் சந்திப்பில் கடனைப் பற்றி வாதாட மாட்டேன். முதல் வாரத்து வேலை முழுக்கச் சோறும் காசும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு, அது வந்ததா என்று பார்ப்பது. முழுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கு 2 லட்சம், மிகக் கொடிய சூழலிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். அது வழக்கோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் உடனே வராது என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்வது. வராத பணத்தை வரும் என்று சொல்லி நம்பவைப்பதைவிடப் பெரிய ட்ராமா வேறெதுவும் இல்லை. அந்த அம்மாவுக்குத் தனியாகவும் கணவருக்குத் தனியாகவும் விடுவிப்புச் சான்றிதழ் இருக்கிறதா, அவர் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று பார்ப்பது. கணவர் குடிக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் கடன். அதை நான் பேசுவதைவிட, ஏற்கெனவே மீட்கப்பட்டு இப்போது சொந்தமாக விறகோ சவுக்கோ வெட்டிப் பிழைக்கிற அதே சமூகத்துப் பெண் ஒருவர் பேசட்டும். வட மாவட்டங்களில் விடுவிக்கப்பட்ட தொழிலாளர்களே நடத்தும் சங்கங்கள் இருக்கின்றன. இதுதான் 'சக அனுபவசாலிகளின் துணை' என்கிற கொள்கை. சுய உதவிக் குழு என்று எழுதி நகர்ந்துவிடுவது இல்லை.

பண்பாடு என்றதும் இருளர்களின் பழைய தொழிலான பாம்பு பிடிப்பதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். வடநெம்மேலி பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கியது எல்லாம் உண்மைதான். ஆனால் ஆலையில் நெல் அவித்துக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அதனால் என்ன? எழுதுவதாக இருந்தால் காரணத் தொடர்ச்சியாக எழுதுங்கள்: 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றது, காட்டுப் பிழைப்பு சுருங்கியது, கையில் நிலமில்லாதவர்கள் முன்பணத்துக்குக் கை நீட்ட வேண்டியதாயிற்று. இரண்டு வரி போதும்.

பண்பாட்டுக்கு நான் கொடுத்த இடங்கள்:

1. மாசி மகத்தையொட்டி எந்தச் சந்திப்பும் வைக்கக் கூடாது. குடும்பம் மாமல்லபுரம் கடற்கரையில் இருக்கும். கன்னியம்மன் வழிபாட்டுக்குப் பல ஊர்களில் இருந்து சொந்தபந்தம் கூடுகிற இடம் அது. அவருக்கு யார் யார் துணை என்று கேள்வித்தாள் வைத்துக் கண்டுபிடிப்பதைவிட, போய் வந்த பிறகு "யாரையெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்பது மேல்.
2. தூக்கமின்மையை அவர் என்னவென்று சொல்கிறார்? தன் நோயை நோயாளியே எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று அறிய உதவும் ஆர்தர் க்ளெய்ன்மன் கேள்விகள் படித்திருப்பீர்கள். அவற்றில் மூன்று போதும். எதனால் வந்தது, உடம்பை என்ன செய்கிறது, எதற்கு அதிகம் பயப்படுகிறீர்கள். பயந்திருக்கிறது, மந்திரிக்க வேண்டும் என்றால் மந்திரிக்கட்டும். கூடவே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரையும் பார்க்கட்டும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று நிபந்தனை போடாதீர்கள். 'மூடநம்பிக்கையைக் களைதல்' என்ற வரி விடைத்தாளில் இருக்கவே கூடாது.
3. பையனை உடனே ஹாஸ்டலில் போடக் கூடாது. லாரி சத்தத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதை முதல் மாதத் திட்டமாக எழுத எப்படி மனசு வருகிறது? பக்கத்துப் பள்ளி, சிறப்புப் பயிற்சி. உண்டு உறைவிடப் பள்ளி பிற்பாடு, அவர்களே கேட்டால்.
4. கணவரைக் குடிகாரர் என்று மட்டும் எழுதாதீர்கள். அவரும் மீட்கப்பட்டவர். அவருக்கும் இரண்டாவது கிளையன்ட்டாக நாலு வரி ஒதுக்குங்கள்.

நோய்ப் பெயர் வைக்காதீர்கள். அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டதால் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு) என்று எழுதக் கை துறுதுறுக்கும். அறிகுறிகளை எழுதி மதிப்பீட்டுக்கு அனுப்புவதோடு நம் வேலை முடிந்தது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ எழுதலாம், தப்பில்லை; ஆனால் அதையே திட்டமாக்காதீர்கள், அந்தக் குடும்பத்தில் போன் இருக்கிறது என்று கேஸில் எங்கேயும் சொல்லவில்லை.

சட்டப் பகுதியில் இன்னொன்று. ஆள்கடத்தலுக்குப் பழைய நோட்ஸில் ஐ.பி.சி. 370 என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றத்துக்கு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 143. ஆலை முதலாளி எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(எச்), அதாவது கட்டாய, கொத்தடிமை வேலை வாங்குவதற்கான பிரிவு. கேஸில் முதலாளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றால் 'என் அனுமானம்' என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொள்வது திருத்துகிறவர்களுக்குப் பிடிக்காது.

இப்போது புலம்பல். இதே முறையில்தான் இன்டர்னலுக்கும் கேஸ் ஸ்டடி எழுதினேன். 'கேஸ் ஹிஸ்டரி முழுமையாக இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி மார்க்கைக் குறைத்தார்கள். பிறப்பு வரலாறு, திருமண வரலாறு, பாலியல் வரலாறு என்று படிவத்தில் கட்டம் கட்டமாக இருக்கும். நான் பாதிக் கட்டத்தில் 'இப்போது கேட்கத் தேவையில்லை' என்று எழுதியிருந்தேன். காலியாக விட்டதாக எடுத்துக்கொண்டார்கள். கதையை ஜோடித்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவர்களுக்கு என்னைவிட அதிகம். யாரென்று சொல்ல வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

வைவாவில் எக்ஸ்டர்னல் மேடமும் அதே இடத்தில்தான் பிடித்தார்.

"ஹிஸ்டரி கேக்காம எப்படிம்மா பிளான் போடுவ?"

"விசாரணை ஆர்டர்ல இருக்கறத அவங்ககிட்ட மறுபடி கேக்கல மேடம். அதுல இல்லாதத, பிளானுக்குத் தேவைப்பட்டப்ப மட்டும் கேட்டேன்."

"தேவையா இல்லையான்னு நீயா முடிவு பண்ணுவியா?"

"இல்ல மேடம். இதக் கேக்கலாமான்னு அவங்களையே கேட்டுட்டுத்தான்."

அவர் ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு பதிவேட்டில் நான் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'எதற்காக' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிடச் சொன்னார். மார்க்கைப் பார்த்தால் வேலை செய்திருக்கிறது. ஆகவே கட்டத்தைக் காலியாக விடுவதாக இருந்தால் காரணத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாதிப் பேர் படிவத்தைத்தான் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் என் சுபாவத்துக்குப் பொருந்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பேசாத ஆள். ரோல் பிளேயில் எல்லோரும் கவுன்சலர் மாதிரி தலையாட்டிப் பேசும்போது நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். கேட்காமல் இருப்பது எனக்குச் சுலபம். கலகலப்பான ஆட்களுக்கு இது கஷ்டமாக இருக்கலாம். அவர்கள் வேறு வழி பார்க்கட்டும். குரூப் ஸ்டடியும் எனக்கு ஒத்துவராது. கேஸ் கேள்வியை நாலு பேர் சேர்ந்து விவாதித்தால் சத்தமாகப் பேசுகிறவருடைய பிளான்தான் எல்லோர் பேப்பரிலும் இருக்கும்.

மிச்சம் மீதி:

- கட்டாயக் கேள்வியை முதலில் எழுதுங்கள். கடைசியில் வைத்தால் கை வலியோடு கவுன்சலிங், ஃபாலோ அப் என்று முடித்துவிடுவீர்கள்.
- பிளானை முதல் வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று பிரியுங்கள். முதல் வாரத்தில் கவுன்சலிங் என்ற சொல் வரவே வேண்டாம்.
- ட்ராமாவிலிருந்து மீள்வதற்கு ஜூடித் ஹெர்மன் சொன்ன மூன்று கட்டங்களை எழுதினால், முதல் கட்டமான பாதுகாப்பே இந்தக் கேஸில் இன்னும் முடியவில்லை என்று சேர்த்து எழுதுங்கள். லாரி இன்னும் அந்த வழியாகத்தான் போகிறது.
- அளவுகோல் கேட்பார்கள். 'கிளையன்ட்டின் தன்னம்பிக்கை உயரும்' என்பதை எப்படி அளப்பது? 'விடுவிப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் கையில் உள்ளன. அடுத்த கோர்ட் தேதி அவருக்குத் தெரியும்' என்று எழுதினால் அளக்கலாம்.
- வைவாவுக்குக் கொண்டுபோகும் ரெக்கார்டில் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், ஆலை, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றையும் மாற்றுங்கள். போட்டோ ஒட்டவே ஒட்டாதீர்கள். மார்க் போனால் போகட்டும்.