காலாவதியான பிலிமும் காய்ந்துபோன பசையும்

பழைய பிலிம் விற்பவர்கள் எல்லோரும் ‘பிரிட்ஜிலேயே வைத்திருந்தது’ என்றுதான் சொல்வார்கள். நம்ப வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தவை சென்னை வெயிலில் ஒரு ஸ்டூடியோ பரணில் வெந்துகொண்டிருந்த பெட்டிகள்: 4×5 அங்குல எக்டாகுரோம் 64 (நெகட்டிவ் இல்லாமல் பிலிமிலேயே நேரடியாகப் படம் விழும் கோடாக்கின் ஸ்லைடு பிலிம்), காலாவதி 1994; போலராய்டு டைப் 55 (பிரிண்டும் நெகட்டிவும் உடனே தரும் இன்ஸ்டன்ட் பிலிம்), காலாவதி 2006. இன்ஸ்டன்ட் பிலிம் தயாரிப்பை நிறுத்துவதாகப் போலராய்டு 2008-இல் அறிவித்துவிட்டதால், கிடைத்ததைப் பத்திரப்படுத்த வேண்டியதுதான்.

டைப் 55-இல் பிலிமுக்கு முன்பே பசை செத்துவிடுகிறது. ஒவ்வொரு உறைக்குள்ளும் ஒரு சிறு பொட்டலத்தில் ரசாயனப் பசை இருக்கும். உறையை 545 ஹோல்டரின் (உறையைக் கேமராவில் பொருத்தும் சட்டம்) உருளைகளுக்கு நடுவே இழுக்கும்போது பொட்டலம் உடைந்து, நெகட்டிவுக்கும் தாளுக்கும் இடையே பசை சீராகப் பரவ வேண்டும். வருடக்கணக்கில் கிடந்தால் அதன் ஈரம் வற்றிவிடும். அதனால் பொட்டலம் இருக்கும் இடத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பேன். கொழகொழவென்று இருந்தால் கேமராவுக்கு, நறநறத்தால் குப்பைக்கு. தேறியவற்றில் ஒன்றில் மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் படிகள் அற்புதமாக வந்தன. வலது மூலையில் மட்டும் பசை எட்டவில்லை. அங்கே படியும் இல்லை, தண்ணீரும் இல்லை. அந்த நெகட்டிவை 18 சதவீத சோடியம் சல்பைட் கரைசலில் போட்டு, கழுவி, காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்லைடு பிலிமின் கதை வேறு. ‘பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம்’ (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) என்று ஓயாமல் சொல்கிறார்களே, அது நெகட்டிவுக்குப் பொருந்தும், இங்கே கெடுதல். வெளிச்சமே படாத வெள்ளி உப்பும் வயதானால் முதல் டெவலப்பரிலேயே (கழுவும்போது வரும் முதல் ரசாயனக் கரைசல்) கறுத்துவிடுகிறது. அடுத்த கட்டத்தில் சாயம் உண்டாக மிச்சம் இருப்பது குறைவு. எனவே கருமை நீர்த்துப்போகிறது. இதில் வெளிச்சத்தையும் கூட்டினால் வானம் வெறும் கண்ணாடியாகிவிடும். நான் அரை ஸ்டாப்புக்கு மேல் கொடுப்பதில்லை. அப்படியும் கோபுரத்தின் நிழல் கத்திரிப்பூ நிறத்தில்தான் விழுந்தது. சிலருக்கு அது அழகாம். எனக்கு இல்லை.

அதனால் கருமையே தேவைப்படாத இடமாகப் பார்த்து மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். வெள்ளைக் குவியல்கள், வெளிறிய வானம். பிலிமின் பலவீனம் வெளியே தெரியவில்லை. மீதி ஷீட்டுகளைக் கறுப்பு வெள்ளை டெவலப்பரில் போட்டு நெகட்டிவாகவே எடுக்கப்போகிறேன். பிலிமுக்குள் இருக்கும் மஞ்சள் வடிகட்டி அடுக்கின் நுண்வெள்ளி நீங்காததால் நெகட்டிவ் பழுப்பேறித்தான் இருக்கும்; ஸ்கேனர் சமாளித்துக்கொள்ளும்.